நூல் பிடித்து இறங்கியவர்

2003 ஜனவரி 14. சுவிட்சர்லாந்தின் அடெல்போடன். ஜயன்ட் ஸ்லாலம் பனிச்சறுக்கில் முதல் சுற்று முடிந்து பட்டியல் வந்தது. இந்தப் போட்டிக்கு இரண்டு சுற்று. முதல் சுற்றில் 30 இடத்துக்குள் வந்தவர்கள் மட்டும்தான் இரண்டாவது சுற்றில் இறங்கலாம். 31-ம் இடத்தில் வந்தவருக்குப் புள்ளி கிடையாது. மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். ஆனால் அன்றைய பெரிய செய்தியே அந்த 31-ம் ஆள்தான்.

ஹெர்மன் மையர். ஆஸ்திரியர். வயது 30. உலகக் கோப்பைப் பந்தயங்களில் 40-க்கும் மேற்பட்ட வெற்றிகள், இரண்டு ஒலிம்பிக் தங்கம், மூன்று முறை ஒட்டுமொத்தக் கோப்பை என்று எல்லாம் பார்த்து முடித்தவர். பதினேழு மாதங்களுக்கு முன்பு இவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியிருக்குமோ என்று மருத்துவர்கள் அஞ்சினார்கள். எலும்புக்குள் டைட்டானியம் கம்பி இறக்கித் திருகாணி போட்டு அந்தக் காலைக் காப்பாற்றியிருந்தார்கள்.

மையரின் கதையைச் சொல்கிற எல்லோரும் வழக்கமாக வேறு இடத்தில் தொடங்குவார்கள். 1998 நாகனோ ஒலிம்பிக்கில் பயங்கரமாக விழுந்தார், எழுந்தார், மூன்றாம் நாள் தங்கம் வாங்கினார். சினிமாவுக்கென்றே எழுதியது போன்ற கதை. அதை நான் குறைத்துச் சொல்லப்போவதில்லை. ஆனால் அவர் வாழ்க்கையின் பெரிய காரியம் நாகனோவில் நடக்கவில்லை என்பது என் கட்சி. அது இந்த 31-ம் இடத்துக்குப் பிறகுதான் நடந்தது.

கரணை பிடித்த கை

ஆஸ்திரியாவில் பனிச்சறுக்கு வெறும் குளிர்கால விளையாட்டு இல்லை. 1956-ல் கோர்ட்டினா ஒலிம்பிக்கின் மூன்று ஆல்பைன் (மலைச்சரிவுப் பனிச்சறுக்கு) தங்கத்தையும் வாரிக்கொண்டு வந்தவர் டோனி ஸைலர். 1976-ல் இன்ஸ்ப்ரூக்கில், சொந்த மக்கள் முன்னால், மஞ்சள் உடையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி டவுன்ஹில் தங்கத்தை வென்றவர் ஃப்ரான்ஸ் கிளாமர். இருவருக்கும் இடையில் கார்ல் ஷ்ரான்ஸ். 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் ‘இவர் அமெச்சூர் இல்லை’ என்று சொல்லி இவரைத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு பந்தயத்தில்கூட இறங்காமல் ஊர் திரும்பியவரை வியன்னாவில் பல்லாயிரம் பேர் திரண்டு வரவேற்றார்கள். தோற்காமலே தோற்றவருக்கு அப்படி ஒரு கூட்டம்! பனிச்சறுக்கு வீரர் என்றால் அந்த நாட்டுக்கு என்ன என்பது அந்தக் கூட்டத்தில் தெரிந்துவிடும்.

அப்படிப்பட்ட நாட்டில், சால்ஸ்பர்க் மாநிலத்தின் ஃபிளாஹாவ் என்ற மலைக் கிராமத்தில் வளர்ந்தவர் மையர். பிறந்தது 1972 டிசம்பர் 7. அப்பா பனிச்சறுக்குப் பள்ளி நடத்தினார். வீட்டு வாசலைத் தாண்டினால் சரிவு. பையன் நடை பழகிய கையோடு சறுக்கவும் பழகினான். பதினைந்து வயதில் ஷ்லாட்மிங் நகரில் உள்ள பனிச்சறுக்கு உறைவிடப் பள்ளிக்குப் போனான். வருங்கால சாம்பியன்களை வார்த்தெடுக்கும் இடம் அது. அங்கே நிலைக்க முடியவில்லை. வயதுக்கு ஏற்ற வளர்ச்சி இல்லை, முழங்காலில் ஓயாத வலி. ‘இந்த உடம்பு தாங்காது’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பிறகு கொத்தனார் வேலைக்குப் போனார். ஏதோ கொஞ்ச நாள் போய்வந்த வேலை இல்லை. முறையாகப் பழகுநராகச் சேர்ந்து தொழில் கற்றார். கோடையில் சாரத்தின் மேல் நின்று செங்கல், கலவை, கரணை. பனிக்காலம் வந்தால் அப்பாவின் பள்ளியில் சுற்றுலாப் பயணிகளுக்குச் சறுக்கக் கற்றுக்கொடுப்பது. இப்படியே ஆண்டுகள் போயின. இந்த விளையாட்டில் 20 வயதுக்குள் தேசிய அணியின் கண்ணில் படாதவரை யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். மையருக்கு 23 ஆகிவிட்டது.

செங்கல் சுமந்த தோளும் தொடையும் இந்த ஆண்டுகளில் உருவானவை என்று எழுதாத பத்திரிகை இல்லை. அதில் உண்மை உண்டு. ஆனால் அந்தப் பள்ளி அவரை அனுப்பிவிட்டது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று என்று சொல்வது கொஞ்சம் அதிகப்படி. எத்தனையோ பிள்ளைகளை இப்படி அனுப்பியிருப்பார்கள். அவர்களில் திரும்பி வந்தவரின் பெயர் மட்டும்தான் நமக்குத் தெரியும்.

திரும்பி வந்த விதம் வேடிக்கையானது. 1996 ஜனவரி 6 அன்று ஃபிளாஹாவிலேயே உலகக் கோப்பை ஜயன்ட் ஸ்லாலம் நடந்தது. போட்டியாளர்கள் இறங்குவதற்கு முன்னால் உள்ளூர்க்காரர்கள் சிலரை இறக்கித் தடம் சரியாக இருக்கிறதா, நேரக் கருவிகள் ஓடுகின்றனவா என்று பார்ப்பார்கள். முன்னோட்டம் விடுகிறவர்கள். நம் ஊர் விழாவில் மைக் டெஸ்டிங் செய்கிற ஆள் மாதிரி. அவர்களுடைய நேரம் எந்தப் பட்டியலிலும் ஏறாது. அன்று முன்னோட்டம் விட்டவர்களில் மையரும் ஒருவர். ஏறாத அந்த நேரத்தைப் பந்தய நேரங்களோடு வைத்துப் பார்த்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். போட்டியில் இறங்கியிருந்தால் அந்தக் கொத்தனார் 12-ம் இடத்தில் வந்திருப்பார்.

அடுத்த மாதமே உலகக் கோப்பையில் இறக்கினார்கள். ஓராண்டு கழித்து, 1997 பிப்ரவரியில் ஜெர்மனியின் கார்மிஷ் பார்ட்டன்கிர்ஷனில் சூப்பர் ஜி பந்தயத்தில் முதல் வெற்றி.

சறுக்குவது எப்படி?

இங்கே கொஞ்சம் நின்று, இந்த ஆட்டத்தின் கணக்கைச் சொல்லிவிட வேண்டும். உலகக் கோப்பை என்றவுடன் கிரிக்கெட், கால்பந்து மாதிரி ஒரு மாதத் திருவிழாவை நினைக்கக் கூடாது. 1967-ல் தொடங்கிய இந்தக் கோப்பை அக்டோபரில் ஆரம்பித்து மார்ச் வரை, மலை மலையாக, வாரம் தவறாமல் நடக்கும். ஒவ்வொரு பந்தயத்திலும் முதலிடத்துக்கு 100 புள்ளி, இரண்டாவதுக்கு 80, மூன்றாவதுக்கு 60 என்று குறைந்துகொண்டே போய் 30-ம் இடத்துக்கு ஒரே ஒரு புள்ளி. மார்ச்சில் கூட்டிப் பார்த்து அதிகம் வைத்திருப்பவருக்கு ஒட்டுமொத்தக் கோப்பை. ஒலிம்பிக் தங்கம் ஒரு நாள் கூத்து. வீரர்கள் மனதுக்குள் பெரிதாக மதிப்பது இந்தப் பருவக் கோப்பையைத்தான்.

பந்தயங்கள் முக்கியமாக நான்கு. ஸ்லாலத்தில் கம்பங்கள் நெருக்கமாக நிற்கும், கால் பின்னிப் பின்னி ஆட வேண்டும். ஜயன்ட் ஸ்லாலத்தில் வளைவுகள் இன்னும் அகலம். டவுன்ஹில்லில் வேகம்தான் எல்லாம், மணிக்கு 130 கிலோமீட்டரை அநாயாசமாகத் தாண்டுவார்கள். இவற்றுக்கு நடுவில், 1980-களில் வந்து சேர்ந்தது சூப்பர் ஜி. வேகம் டவுன்ஹில்லை ஒட்டியது, வளைவுகள் ஜயன்ட் ஸ்லாலத்தை ஒட்டியவை.

மையரின் கோட்டை சூப்பர் ஜி. இதில் ஒரு விசித்திரம் உண்டு. டவுன்ஹில்லுக்கு முந்தைய நாட்களில் ஒத்திகை ஓட்டம் உண்டு. தடத்தை உடம்புக்குப் பழக்கிக்கொள்ளலாம். சூப்பர் ஜிக்கு ஒத்திகையே கிடையாது. காலையில் கம்பங்களை நட்டு முடித்ததும் வீரர்கள் பக்கவாட்டில் மெல்ல வழுக்கியபடி தடத்தைப் பார்த்துக்கொண்டே வரலாம். மேட்டுக்குப் பின்னால் அடுத்த வாயில் (கம்பங்களுக்கு நடுவிலுள்ள வழி) எந்தப் பக்கம், எங்கே திரும்பத் தொடங்க வேண்டும், எந்த இடத்தில் பனி இறுகிக் கண்ணாடியாகியிருக்கிறது என்று மனப்பாடம் செய்ய வேண்டும். அவ்வளவுதான். அடுத்த முறை அதே இடத்தை 100 கிலோமீட்டர் வேகத்தில் பார்ப்பார்கள்.

கட்டட வேலையில் இரண்டு முனையிலும் நூலைக் கட்டி அதை ஒட்டிச் செங்கல் வைப்பார்கள். மையர் இறங்குவதும் நூல் பிடித்த மாதிரிதான் இருக்கும். மற்றவர்கள் வாயிலைச் சுற்றி அகல வளைந்து வேகத்தைக் கொஞ்சம் இழந்து பத்திரமாக வரும் இடத்தில், இவர் வாயிலை உரசிக்கொண்டு நேராகப் பாய்வார். நேர்கோடு என்றால் தூரம் குறைவு, வேகம் அதிகம். ஆனால் அடுத்த வளைவில் உடம்பின் மேல் வந்து விழும் பாரமும் அதிகம். அந்தப் பாரத்தை வாங்கிக்கொண்டு பலகையைப் பனியில் பதித்துத் திருப்பக் கால் வேண்டும். மையருக்குக் கால் இருந்தது. 54 உலகக் கோப்பை வெற்றிகளில் 24 சூப்பர் ஜியில் வந்தவை. ஆண்களில் வேறு யாருக்கும் இவ்வளவு இல்லை.

அந்தக் கால் ஓபர்டாவர்ன் என்ற மலையூரின் பயிற்சி மையத்தில் உருவானது. ஹைன்ரிஷ் பெர்க்மியூலர் என்பவர் பயிற்சியாளர். இவருடைய முறையில் பளு தூக்குவதற்கு முன்னால் சைக்கிள்தான். நகராத சைக்கிளில் மணிக்கணக்காக மிதிக்க வேண்டும். நடுநடுவே காது மடலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அதில் லாக்டேட் எவ்வளவு என்று பார்ப்பார்கள். உடம்பு களைப்பை எந்த அளவில் தாங்குகிறது, எங்கே தடுமாறத் தொடங்குகிறது என்பதற்கு அந்த எண் கணக்கு. அதை வைத்து மறுநாள் மிதிக்க வேண்டிய அளவை முடிவு செய்வார்கள். கோடை முழுக்க இதுதான். பனியே இல்லாத மாதங்களில், ஓர் அறைக்குள், சுவரைப் பார்த்து மிதிப்பது. கட்டட வேலை பார்த்த மனிதருக்கு இந்த அலுப்பு புதிதில்லை.

பறந்த பதின்மூன்றாம் தேதி

இனி நாகனோ. ஆல்பைன் பந்தயங்களின் ஒரு பகுதி ஹாகுபா என்ற இடத்தில். மோசமான வானிலையால் டவுன்ஹில் தள்ளித் தள்ளிப் போய்க் கடைசியில் பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை நடந்தது. 13-ம் தேதி வெள்ளியன்று எதையும் தொடங்கக் கூடாது என்பது ஐரோப்பியர்களின் ராகுகாலம்.

மேலிருந்து சில வாயில்கள் தாண்டியதும் ஒரு இடது வளைவு. மையர் வழக்கம்போல் நேராக வந்தார். அங்கே தரை சட்டென்று விழுகிறது. பலகைகள் பனியை விட்டன, காற்று அடியில் புகுந்தது, மனிதர் கிடையாக வானத்தில் இருந்தார். சில விநாடிகள் கழித்துத் தோளும் தலையுமாக விழுந்து, ஒரு பாதுகாப்பு வலையைக் கிழித்து, அடுத்ததையும் கிழித்து, உள்ளே ஆழப் பனியில் புதைந்தார். பார்த்தவர்கள் அவர் எழுவார் என்று நினைக்கவில்லை. எழுந்தார். தோளிலும் முழங்காலிலும் அடி. வேறொன்றுமில்லை.

அவர் அந்தரத்தில் இருக்கும் நொடியை எடுத்த புகைப்படம் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழின் அட்டையில் வந்து உலகம் சுற்றியது. அந்தத் தங்கம் பிரான்சின் ஜான் லூக் கிரெட்டியேவுக்குப் போனது. பாவம், தங்கம் வென்றவரின் பெயரைவிட விழுந்தவரின் பெயர்தான் இன்றும் நினைவில் இருக்கிறது.

இதைத் துரதிர்ஷ்டம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தடத்தைக் கணித்ததில் நேர்ந்த பிழை அது. அவரை ஜெயிக்க வைத்த அதே நேர்கோடு, அன்று அந்த வளைவில் ஒருசில மீட்டர் கூடுதலாக நேராகிவிட்டது. அந்த வளைவில் அன்று தடம் தவறியவரும் அவர் ஒருவர் மட்டுமில்லை.

வானிலை இந்த முறை உதவியது. அடுத்து நடக்க வேண்டிய சூப்பர் ஜியும் தள்ளிப்போய் 16-ம் தேதி நடந்தது. மையருக்குக் கிடைத்த அவகாசம் மூன்று நாள். இறங்கினார். 0.61 விநாடி வித்தியாசத்தில் தங்கம். இந்த விளையாட்டில் அது பெரிய இடைவெளி. அவருக்குப் பின்னால் சுவிட்சர்லாந்தின் டிடியே கூஷும் ஆஸ்திரியாவின் ஹான்ஸ் க்னாவ்ஸும் ஒரே நேரத்தில் வந்து வெள்ளியைப் பங்கிட்டுக்கொண்டார்கள். 19-ம் தேதி ஜயன்ட் ஸ்லாலத்தில் இரண்டாவது தங்கம். அந்த வாரத்திலிருந்து அவருக்குப் பெயர் ஹெர்மினேட்டர். டெர்மினேட்டராக நடித்த அர்னால்டும் ஆஸ்திரியர்தானே, சொந்த ஊர்க்காரரின் பட்டத்தை எடுத்து ஒட்டவைத்துவிட்டார்கள்.

வீட்டுக்குள்ளேயே போட்டி

நாகனோவுக்குப் பிந்தைய மூன்று ஆண்டுகளை எண்களில் சொன்னால் போதும். 1998, 2000, 2001 ஆகிய ஆண்டுகளில் ஒட்டுமொத்தக் கோப்பை. 1999-ல் அது நோர்வேயின் லாஸ்ஸே ஷூஸுக்குப் போனாலும், அதே ஆண்டு அமெரிக்காவின் வெயிலில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் டவுன்ஹில் தங்கம் மையருக்கு. சூப்பர் ஜியில் மையரும் ஷூஸும் நூறில் ஒரு பங்கு விநாடிகூட வித்தியாசம் இல்லாமல் வந்து இருவரும் தங்கம் பெற்றார்கள். 1999-2000 பருவத்தில் மையர் சேர்த்த புள்ளிகள் சரியாக 2000. அதுவரை சாதனை, 1992-ல் சுவிஸ் வீரர் பால் அக்கோலா எடுத்த 1,699. அடுத்த பருவத்தில் 13 வெற்றிகள். ஸ்வீடனின் இங்கமார் ஸ்டென்மார்க் 1978-79-ல் வைத்த சாதனையின் சமன். ஆண்களில் அந்த 2000 புள்ளியைத் தாண்ட 2023-ல் சுவிட்சர்லாந்தின் மார்கோ ஓடர்மாட் வர வேண்டியிருந்தது. எடுத்தது 2,042.

எண்களைவிட எனக்குச் சுவையாகப் படுவது ஒரே ஒரு பந்தயத்தின் முடிவுப் பட்டியல். 1998 டிசம்பர் 21, இன்ஸ்ப்ரூக்கின் பாட்ஷெர்கோஃபல் மலை, சூப்பர் ஜி. முதலிடம் மையர், ஆஸ்திரியா. இரண்டு, ஆஸ்திரியா. மூன்று, ஆஸ்திரியா. இப்படியே ஒன்பதாம் இடம் வரை ஆஸ்திரியர்கள்! பத்தாம் இடத்தில்தான் வேறு நாட்டுக் கொடி. இப்படி ஒரு அணியில் இருப்பது கொடுப்பினையா, தண்டனையா? ஒலிம்பிக்கில் ஒரு நாட்டுக்கு ஒரு பந்தயத்தில் நான்கு பேர்தான். உலகத்திலேயே ஆறாவது, ஏழாவது சிறந்த வீரராக இருந்தும் வீட்டில் உட்கார்ந்து டி.வி.யில் பார்த்த ஆஸ்திரியர்கள் இருந்த காலம் அது. அந்தக் குழுவின் உச்சியில் ஒருவர் வருடக்கணக்காக நிற்கிறார் என்றால், ஒவ்வொரு காலையும் சாப்பாட்டு மேஜையில் எதிரே அமர்ந்திருப்பவர் இவரை இறக்கக் காத்திருப்பவர்.

அப்படி எதிரே அமர்ந்திருந்தவர் ஸ்டெஃபான் எபர்ஹார்ட்டர். மையரைவிட மூன்று வயது மூத்தவர். மையர் சாரத்தில் நின்ற காலத்தில் இவர் உலகச் சாம்பியன். 1991-ல் சால்பாஹில் 21 வயதில் இரண்டு தங்கம் வாங்கியவர். பிறகு காயங்கள், அணியிலிருந்து நீக்கம், இரண்டாம் நிலைப் போட்டிகளில் அலைச்சல். எல்லாம் தாண்டித் திரும்பி மேலே வந்தபோது முன்னால் மையர் நிற்கிறார். நாகனோ ஜயன்ட் ஸ்லாலத்தில் மையருக்கு அடுத்து வெள்ளி வாங்கியவர் எபர்ஹார்ட்டர்தான். நடை, கோடு, நளினம் என்று பார்த்தால் எபர்ஹார்ட்டர் அழகாகச் சறுக்குகிறவர் என்பேன். ஆனால் கடிகாரத்துக்கு அழகு தெரியாது.

2001 ஆகஸ்ட் 24

அன்று பயிற்சி முடித்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார் மையர். ராட்ஷ்டாட் அருகே கார் ஒன்று மோதியது. தூக்கி எறியப்பட்டார். வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்து, எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. சால்ஸ்பர்க்கில் சுமார் ஏழு மணி நேரம் அறுவை சிகிச்சை. காலை எடுக்காமல் விட்டதே பெரிய காரியம். அடுத்த பிப்ரவரியில் சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக். அந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. அதற்கு அடுத்த கேள்வி, மீண்டும் சரியாக நடப்பாரா என்பது.

கால் முறிந்தவர்கள் மீண்டு வந்து விளையாடுவது எல்லா விளையாட்டிலும் உண்டு. பனிச்சறுக்கு வீரருக்கு இதில் என்ன தனிச் சிக்கல் என்பது அவர் போடும் பூட்ஸைப் பார்த்தால் புரியும். கெட்டி பிளாஸ்டிக் ஓடு. கணுக்காலைத் துளியும் அசையவிடாமல் நான்கைந்து கொக்கிகளால் இறுக்குவார்கள். பூட்ஸின் விளிம்பு கணைக்காலின் நடுவில் வந்து நிற்கும். வளைவில் நுழையும்போது வீரர் செய்வது இதுதான்: கணைக்கால் எலும்பை அந்தப் பூட்ஸின் முன்புறத்தில் வைத்து அழுத்துவது. அந்த அழுத்தம் பலகைக்குப் போய், பலகை வில்லாக வளைந்து, அதன் ஓரத்து எஃகு விளிம்பு பனியை அறுத்துக்கொண்டு திரும்பும். இடது பக்கம் திரும்பும்போது பாரம் முழுக்க வலது காலில். உடல் எடையின் பல மடங்கு. ஒரு பந்தயத்தில் இப்படிப் பத்துப் பதினைந்து முறைக்கு மேல்.

மையருக்கு எலும்பு முறிந்ததும் அதே கணைக்காலில். உள்ளே கம்பி, வெளியே தழும்பு, அதன் மேல் பூட்ஸ். ஓபர்டாவர்ன் அறைக்குத் திரும்பினார். மறுபடி சைக்கிள், மறுபடி காது மடலில் ஒரு சொட்டு ரத்தம். ஒரு பருவம் முழுசாகப் போனது. அடுத்த பருவத்திலும் பாதி போன பிறகுதான் அடெல்போடனும் அந்த 31-ம் இடமும்.

அதன் பிறகு நடந்ததை ஆஸ்திரியர்கள் இன்றும் தேதி சொல்லிப் பேசுவார்கள். 2003 ஜனவரி 27, கிட்ஸ்பியூல். இந்த விளையாட்டின் மிகப் பயங்கரமான சரிவான ஷ்ட்ரைஃப் இருக்கும் ஊர். அதன் டவுன்ஹில் தடத்தில் தொடங்கிய சில விநாடிகளில் ‘எலிப்பொறி’ என்ற செங்குத்து இறக்கம் வீரர்களைக் காற்றில் வீசிவிடும். அங்கே நடந்த சூப்பர் ஜி பந்தயத்தில் மையர் முதலிடம் வந்தார். 31-ம் இடத்துக்கும் முதல் இடத்துக்கும் நடுவில் 13 நாள். கூட்டத்துக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. அடுத்த வாரங்களில் செயின்ட் மோரிட்ஸில் உலக சாம்பியன்ஷிப் சூப்பர் ஜியில் அமெரிக்காவின் போடி மில்லரோடு வெள்ளியைப் பங்கிட்டுக்கொண்டார். தங்கம் யாருக்கு? எபர்ஹார்ட்டருக்கு.

அந்தக் கோடையில் ஒரு சுவையான சங்கதி. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் நூற்றாண்டு. பாரிஸில் நடந்த தொடக்க நேர ஓட்டத்தில் வீரர்களுக்கு முன்னால் மையர் சைக்கிளில் ஓட்டிக் காட்டினார். மறுபடியும் முன்னோட்டக்காரர்! இந்த முறை அவர் யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பயம் தெரிந்தவரின் கோப்பை

கிட்ஸ்பியூல் வெற்றியோடு நிறுத்தியிருந்தால் நல்ல திரைக்கதை. ஆனால் ஒரு பந்தயம் ஜெயிப்பது வேறு. அக்டோபரிலிருந்து மார்ச் வரை, ஒவ்வொரு வாரமும், வேறு வேறு மலையில், எல்லாப் பந்தயத்திலும் புள்ளி சேர்ப்பது வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கால் சொன்னபடி கேட்கலாம். ஒரு பருவம் முழுக்கக் கேட்குமா என்பதில்தான் யாருக்கும் நம்பிக்கை இல்லை.

2003-04 பருவத்தில் மையருக்கு எதிரே நின்றவர்கள் எபர்ஹார்ட்டர், பெஞ்சமின் ரைக், போடி மில்லர். முந்தைய இரண்டு ஒட்டுமொத்தக் கோப்பையும் எபர்ஹார்ட்டரிடம் இருந்தன. அந்த ஜனவரியில் கிட்ஸ்பியூலின் ஷ்ட்ரைஃப் டவுன்ஹில்லில் எபர்ஹார்ட்டர் இறங்கிய ஓட்டத்தை இன்றும் சிறந்த ஓட்டம் என்பவர்கள் ஏராளம். இரண்டாம் இடத்தில் வந்த டேரன் ரால்வ்ஸைவிட ஒரு விநாடிக்கும் மேல் முன்னால். நூறில் ஒரு பங்கில் தலையெழுத்து மாறும் இடத்தில் முழு விநாடி!

மையரிடம் இப்போது பழைய நேர்கோடு இல்லை. அந்தப் பருவத்தின் ஓட்டங்களை 1998-ன் ஓட்டங்களோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். முன்பு வாயிலை உரசிப் பாய்ந்த இடங்களில் இப்போது ஒரு அடி தள்ளி வளைகிறார். முன்பு மற்றவர்கள் எங்கே பயப்படுவார்களோ அங்கே நேரத்தைச் சம்பாதித்தார். இப்போது சமதளங்களில் குனிந்த உடலை அசைக்காமல் வைத்துக்கொண்டு அங்கே சம்பாதிக்கிறார். சில வாரம் முதலிடம், சில வாரம் மூன்று, சில வாரம் ஆறு. புள்ளி சேர்ந்துகொண்டே இருந்தது. மார்ச்சில் இத்தாலியின் செஸ்ட்ரியேரில் கணக்கு முடித்தபோது, எபர்ஹார்ட்டரைவிட ஐம்பதுக்கும் குறைவான புள்ளி முன்னிலையில் நான்காவது ஒட்டுமொத்தக் கோப்பை மையருக்கு. சூப்பர் ஜி கோப்பையும் கூடவே. அந்த ஆண்டின் சிறந்த மீள்வருகைக்கான லாரியஸ் விருதும் வந்தது.

அதனால்தான் நாகனோவைவிட இதைப் பெரிதாகச் சொல்கிறேன். விழுந்த மூன்றாம் நாள் அவருக்கு இருந்தது அதே உடம்பு, அதே கோடு. வலியோடு பழைய ஆளாகவே இறங்கினார். 2004-ல் பழைய ஆள் கையில் இல்லை. கால் என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்துகொண்டு, முப்பது வயதுக்கு மேல் புதிதாகச் சறுக்கக் கற்று, தன் காலத்தின் மிக நளினமான வீரரை அந்த வீரர் உச்சத்தில் இருந்த வருடத்தில் முந்தினார். இதற்குப் புகைப்படம் கிடையாது. அந்தரத்தில் பறக்கும் மனிதரை அட்டையில் போடலாம், ஆறாம் இடத்துக்குக் கிடைத்த 40 புள்ளியை எப்படிப் போடுவது?

எபர்ஹார்ட்டர் அந்த ஆண்டே விடைபெற்றார். மையர் தொடர்ந்தார். 2005-ல் பார்மியோவில் ஜயன்ட் ஸ்லாலம் உலகச் சாம்பியன். 2006 டூரின் ஒலிம்பிக்கில் சூப்பர் ஜி வெள்ளி, ஜயன்ட் ஸ்லாலம் வெண்கலம். நாகனோவுக்கு எட்டு ஆண்டுகள் கழித்து, அதே இரண்டு பந்தயங்களில். பிறகு இறங்குமுகம். இரண்டு முழுப் பருவங்கள் ஒரு வெற்றிகூட இல்லை. ஓய்வு எப்போது என்று நிருபர்கள் கேட்டுக் கேட்டு அலுத்த நேரத்தில், 2008 நவம்பர் 30 அன்று கனடாவின் லேக் லூயிஸில் சூப்பர் ஜியை வென்றார். 36-வது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருந்தது. அதுதான் 54-வது, கடைசி வெற்றி. 2009 அக்டோபர் 13 அன்று ஓய்வை அறிவித்தார். சும்மா இருக்கத் தெரியாதவர், அடுத்த ஆண்டே தொலைக்காட்சிக்காகத் தென்துருவத்துக்கு நடக்கும் பந்தயத்தில் ஆஸ்திரிய அணியில் சேர்ந்தார். எதிரணி ஜெர்மனி. அங்கேயும் இவர் அணிதான் முதலில் போய்ச் சேர்ந்தது.

அவர் ஓய்வு பெற்றபோது ஆண்களில் அவரைவிட அதிக வெற்றி ஸ்டென்மார்க்குக்கு மட்டும்தான், 86. பின்னாளில் இன்னொரு ஆஸ்திரியரான மார்செல் ஹிர்ஷர் 67 வரை போய்விட்டார். மோட்டார் சைக்கிள் விபத்து நடக்காமல் இருந்திருந்தால் மையர் எத்தனை எடுத்திருப்பார் என்று கணக்குப் போடுவது ரசிகர்களுக்குப் பிடித்த பொழுதுபோக்கு. அறுபதாம், எழுபதாம். அந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் இன்னொரு பத்தியையும் சேர்த்துப் போட வேண்டும். மையர் படுக்கையில் கிடந்த 2001-02 பருவத்தில் எபர்ஹார்ட்டர் பத்துப் பந்தயங்களை வென்றார், முதன்முறையாக ஒட்டுமொத்தக் கோப்பையைத் தூக்கினார், சால்ட் லேக் சிட்டியில் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று மூன்றையும் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 32. உலகச் சாம்பியனாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன.